சீமைப்பலா: விதையில்லாத மரத்தை அடையாளம் கண்டு வளர்க்க ஒரு வழிகாட்டி

சீமைப்பலா என்று வாங்கி நட்டு, ஏழெட்டு வருடம் தண்ணீர் ஊற்றி, கடைசியில் காய்த்தது முள்ளும் கொட்டையுமாக இருக்கக் கண்டு திகைத்தவர்கள் உண்டு. மரம் ஏமாற்றவில்லை. வாங்கிய அன்றே அது வேறு மரம். கன்றாக இருக்கும்போது பலாக் குடும்பத்து மரங்கள் நாலைந்து, பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். அதனால் இந்த மரத்தைப் பொறுத்தவரை அடையாளம் காண்பதுதான் முதல் வேலை. குழி வெட்டுவது அதற்கப்புறம்.

பெயரிலிருந்தே குழப்பம் தொடங்குகிறது. தமிழ்நாட்டில் சீமைப்பலா, கறிப்பலா. மலையாளத்தில் கடச்சக்கை, சீமைச்சக்கை. இலங்கைத் தமிழில் ஈரப்பலா. சிங்களத்தில் ரட்ட தெல். தாவரவியல் பெயர் ஆர்ட்டோகார்பஸ் ஆல்டிலிஸ். பலாவைப் போலச் சுளை எடுத்துத் தின்னும் மரம் இல்லை இது. முற்றிய காயைத் தோல் சீவி, கிழங்கு மாதிரிக் கறி வைக்கலாம், அவிக்கலாம், வறுக்கலாம்.

ஏன் விதை இல்லை

நியூகினி, பிலிப்பைன்ஸ் பகுதிகளில் கொட்டை நிறைந்த ஒரு காட்டுப் பலா உண்டு. அதன் வழியில் வந்ததுதான் சீமைப்பலா. பசிபிக் தீவு மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கொட்டை குறைந்த மரங்களைத் தேர்ந்து, வேர்த்துண்டுகளைப் படகில் ஏற்றித் தீவு தீவாகக் கொண்டுபோனார்கள். அப்படித் தேர்ந்தவற்றில் பல ரகங்களில் குரோமோசோம்கள் இரண்டு தொகுதியாக இல்லாமல் மூன்று தொகுதியாக, அதாவது 56க்குப் பதில் 84 இருக்கின்றன. அதனால் விதை உருவாவதில்லை. ஆனாலும் மகரந்தம் சேராமலேயே காய் பிடிக்கும். எனவே தோட்டத்தில் ஒரே ஒரு மரம் இருந்தாலும் போதும், துணைமரம் தேவையில்லை. பசிபிக்கில் விதையுள்ள ரகங்களும் இருக்கின்றன. நம் பக்கம் கறிக்காக வளர்ப்பது விதையற்றதை.

விதை இல்லாத மரத்தை இடம் மாற்றுவது எவ்வளவு பாடு என்பதற்கு வரலாற்றிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. ஆங்கிலேயக் கப்பல் பவுண்டி 1788 அக்டோபரில் தாகித்தித் தீவுக்குப் போனது சீமைப்பலாக் கன்றுகளுக்காகத்தான். கன்றுகள் தொட்டியில் வேர் பிடிக்கும்வரை ஐந்து மாதம் அங்கேயே காத்துக்கிடந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கன்றுகளோடு கிளம்பிய கப்பலில் 1789 ஏப்ரலில் மாலுமிகள் கலகம் செய்தார்கள், கன்றுகள் கடலில் வீசப்பட்டன. அந்தக் கப்பலின் கேப்டன் பிளை இரண்டாம் முறை போய், 1793இல்தான் செயின்ட் வின்சென்ட், ஜமைக்கா தீவுகளில் கன்றுகளை இறக்க முடிந்தது. விதையால் முளைக்கும் மரமாக இருந்திருந்தால் ஒரு பையோடு முடிந்திருக்கும். இன்றும் நிலைமை மாறவில்லை. நல்ல கன்று வேண்டுமென்றால் நல்ல மரத்தின் வேரோ கிளையோ வேண்டும். "சீமைப்பலா விதை" என்று யாராவது விற்றால், அது பெரும்பாலும் அந்தக் கொட்டைப் பலாவின் விதைதான்.

அடையாளம்: வளர்ந்த மரத்தில்

கன்றைவிட மரத்தைப் பார்த்துச் சொல்வது எளிது. முடிந்தால் தாய்மரத்தை நேரில் பார்த்துவிட்டுக் கன்று வாங்குங்கள்.

முதலில் இலை. நன்கு வளர்ந்த சீமைப்பலா இலை முழங்கை நீளத்துக்கு வரும்; பப்பாளி இலையைப் போல் கைவிரல்களாக விரியாமல், நடுநரம்பின் இருபுறமும் இறகுபோலப் பிளந்திருக்கும். பிளவு ஆழமானது, பல மரங்களில் நடுநரம்பை நெருங்கும். மேற்பக்கம் கரும்பச்சை, எண்ணெய் தடவியது போன்ற பளபளப்பு, வெளிர்மஞ்சள் நரம்புகள். கொட்டைப் பலாவில் பிளவு பாதியோடு நின்றுவிடும். இலை மங்கலாக, பளபளப்பில்லாமல், நரம்புகளில் மயிரோடு இருக்கும்.

அடுத்தது காய் தொங்கும் இடம். பலா தூரிலும் தடித்த கொம்பிலும் காய்க்கும். சீமைப்பலா கிளை நுனியில், இலைக்கொத்துக்கு நடுவே காய்க்கும். தூரில் காய் தொங்கினால் அது சீமைப்பலா இல்லை, அதற்குமேல் பார்க்க வேண்டியதில்லை.

பிறகு காயின் தோல். சீமைப்பலாத் தோலில் ஐந்து முதல் ஏழு பக்கம் கொண்ட சின்னச் சின்னக் கட்டங்கள் நெருக்கமாக இருக்கும். கட்டத்தின் நடுவில் சிறு புடைப்பு இருக்கலாம். உள்ளங்கையால் அழுத்தித் தடவினால் குத்தாது. கொட்டைப் பலாவின் காயில் வளையக்கூடிய நீண்ட முட்கள் உண்டு, முள்ளம்பன்றிக் குட்டிபோல் இருக்கும். சந்தேகமிருந்தால் வெட்டிப் பாருங்கள். சீமைப்பலாவில் நடுத்தண்டைச் சுற்றி வெள்ளைச் சதை, சிலவற்றில் எள்ளளவு கருகிய விதைத்தடங்கள் மட்டும். கொட்டைப் பலாவில் சதை கொஞ்சம், கொட்டைதான் நிறைய. அந்தக் கொட்டையை அவித்தால் நல்ல ருசி, அது வீணான மரமில்லை. நீங்கள் தேடிய மரம் அதுவல்ல என்பதுதான் விஷயம்.

இலங்கையில் இன்னொரு குழப்பம் சேரும். பெதி தெல் என்று சிங்களத்தில் சொல்லப்படும் மரம் அந்தத் தீவுக்கே உரியது, ஆர்ட்டோகார்பஸ் நோபிலிஸ். அதன் விதையைத்தான் வறுத்துத் தின்பார்கள். வளர்ந்த மரத்தின் இலை பெரிதாக இருந்தாலும் விளிம்பு அலைபோல் வளைந்திருக்குமே தவிர ஆழமாகப் பிளந்திராது.

அடையாளம்: கன்றில்

இங்கேதான் ஏமாறுவது அதிகம். காரணம், பிளந்த இலை சீமைப்பலாவுக்கு மட்டும் சொந்தமில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் தானாக முளைக்கும் ஆஞ்சிலி, அதாவது அயினிப்பலா, இளங்கன்றாக இருக்கும்போது ஆழப் பிளந்த இலை விடும். வளர்ந்தபின் முழு இலையாக மாறும். சாதாரணப் பலாக் கன்றிலும் சில சமயம் முதல் இலைகள் பிளந்தே வரும். ஆகவே இலையின் வடிவத்தை மட்டும் பார்த்துக் காசு கொடுக்காதீர்கள்.

ஆஞ்சிலியைத் தடவிக் கண்டுபிடிக்கலாம். அதன் இளந்தண்டில் விறைப்பான பழுப்பு மயிர் அடர்ந்திருக்கும், விரலில் கரகரக்கும். ஆனால் இந்தச் சோதனையையும் அளவோடு நம்ப வேண்டும். சீமைப்பலாவின் வேரிலிருந்து கிளம்பும் இளந்தளிர் இலைகள், மரத்து இலையைவிடப் பெரிதாகவும் மயிர் கூடுதலாகவும் இருப்பது வழக்கம். லேசான மென்மயிரைப் பார்த்து நல்ல கன்றை ஒதுக்கிவிடக் கூடாது.

நம்பத் தகுந்த சோதனை மண்ணுக்குள் இருக்கிறது. பையின் மேல்மண்ணை விரலால் நாலைந்து செ.மீ. ஆழம் மெல்ல விலக்கிப் பாருங்கள். வேர்த்துண்டிலிருந்து வந்த கன்று என்றால், விரல் கனத்துக்கு மேலான ஒரு வேர்த்துண்டு படுத்திருக்கும், அதன் பக்கவாட்டிலிருந்து தண்டு எழுந்திருக்கும். பதியன் கன்றில் தண்டு நேராக இறங்கி, பதியம் கட்டிய இடத்தைச் சுற்றிலும் வேர்கள் தாடிபோல் கிளம்பியிருக்கும். விதைக்கன்றில் தண்டு மெலிந்துகொண்டே போய் ஒரே ஆணிவேராக முடியும், சின்னக் கன்றானால் கொட்டையின் ஓடுகூட ஒட்டியிருக்கலாம். ஆணிவேர் தெரிந்தால் வாங்காதீர்கள், ஒட்டுக்கன்று என்று சொன்னாலொழிய. ஒட்டுக்கன்றானால் ஒட்டிய இடத்து வடுவைக் காட்டச் சொல்லுங்கள். ஆணிவேரோடு இருக்கும் அடிச்செடி கொட்டைப் பலாவாக இருக்கலாம். ஒட்டுக்கு மேலே உள்ள தண்டுதான் கணக்கு. நட்டபின் ஒட்டுக்குக் கீழே வரும் துளிரை அவ்வப்போது கிள்ளிவிட வேண்டும்.

மண்ணைக் கிளறிப் பார்க்க விடாத விற்பனையாளரிடம் இந்தக் கன்றை வாங்காமல் இருப்பதே நல்லது.

நம் நிலத்தில் வருமா?

ஈரக் காற்று, நல்ல மழை, குளிரில்லாத ஊர் இதற்கு வேண்டும். வெப்பம் 21 முதல் 32 டிகிரி, ஆண்டு மழை 1500 முதல் 3000 மி.மீ. என்பது அதன் இயல்பான வசதி. கன்னியாகுமரி மாவட்டம், செங்கோட்டை–குற்றாலம் அடிவாரம், பொள்ளாச்சி–ஆனைமலைத் தென்னந்தோப்புகள், கல்லாறு போன்ற நீலகிரி அடிவாரம், இலங்கையின் ஈரவலயம் ஆகிய இடங்களில் அதிகம் போராடாமல் வளரும். மலையில் மேலே போகப் போக வளர்ச்சி மந்தமாகும். ஊட்டி, கொடைக்கானல் போன்ற குளிரில் நட வேண்டாம்.

மதுரை, திருச்சி போன்ற உள்நாட்டு வெயிலில் பிரச்சினை தண்ணீர் மட்டுமில்லை, காற்றும்தான். சித்திரை, வைகாசியின் வறண்ட காற்றில் இலை விளிம்பு கருகும், பிஞ்சு கொட்டும். வாழைக்கும் தென்னைக்கும் நடுவே, மேற்குப்பக்கம் மறைப்போடு, சொட்டுநீர் இருந்தால் முயன்று பார்க்கலாம். ஒரு கன்றோடு தொடங்குங்கள், பத்து வேண்டாம்.

மண் ஆழமாக, தண்ணீர் வடிவதாக இருக்க வேண்டும். செம்மண், வண்டல் நல்லது. களிமண்ணில் மழைத் தண்ணீர் ஒரு நாளுக்குமேல் நிற்கும் இடமானால் வேர் அழுகும். அங்கே இரண்டடி உயர மேடு போட்டு அதன்மேல் நடுவது ஒன்றே வழி. கார அமிலத் தன்மை 6 முதல் 7.4 வரை ஏற்றது.

வேர்த்துண்டிலிருந்து கன்று எடுத்தல்

தாய்மரம் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தால் கன்றை நீங்களே உருவாக்கலாம். பொறுமை வேண்டும், கருவி அதிகம் வேண்டாம்.

காலம்தான் முக்கியம். காய்ப்பு முடிந்து, புதுத்தளிர் கிளம்பத் தொடங்கும் முன் உள்ள இடைவெளியில் எடுக்க வேண்டும். அப்போது வேரில் சேமித்த சத்து இருக்கும். மரம் காய் சுமந்துகொண்டிருக்கும்போது வெட்டிய வேரில் சத்தெல்லாம் காய்க்குப் போயிருக்கும். துண்டு துளிர்க்காமல் சுருங்கிவிடும். கொட்டும் மழையிலும் எடுக்காதீர்கள், வெட்டுவாய் அழுகும்.

தூரிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி, மண்வெட்டியால் அடிக்காமல் கையாலும் சிறு கடப்பாரையாலும் மேல்மண்ணை விலக்குங்கள். சீமைப்பலா வேர்கள் ஆழம் போகாமல் மேலாகவே ஓடும். 2 முதல் 5 செ.மீ. கனமுள்ள வேரைத் தேர்ந்தெடுங்கள். பென்சில் கன வேரில் சத்து போதாது, கைமுட்டிக் கன வேரை வெட்டினால் தாய்மரத்துக்குக் காயம் பெரிது. மரத்தின் ஒரே பக்கத்தில், ஒன்றிரண்டு வேருக்கு மேல் ஒரு தடவையில் எடுக்காதீர்கள். தோண்டிய இடத்தை அன்றே மூடி, தொழுவுரம் போட்டுத் தண்ணீர் விடுங்கள்.

எடுத்த வேரை 15 முதல் 20 செ.மீ. துண்டுகளாக வெட்ட வேண்டும். தூர்ப்பக்கம் இருந்த முனையை நேராகவும், மறுமுனையைச் சாய்வாகவும் வெட்டுங்கள். துளிர் பெரும்பாலும் தூர்ப்பக்க முனையில்தான் வரும். பத்துத் துண்டுகள் கலந்துபோனால் எது எந்தப் பக்கம் என்று கண்ணால் சொல்ல முடியாது. கத்தி கூர்மையாக இருக்கட்டும், நசுங்கிய முனை அழுகும். வெட்டியதும் பால் வடியும். தண்ணீரில் கழுவி, நிழலில் பால் நிற்கும்வரை வையுங்கள். லிட்டருக்கு 3 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கரைத்த தண்ணீரில் பத்து நிமிடம் முக்கி எடுத்தால் பூஞ்சணம் குறையும்.

இரண்டு பங்கு ஆற்றுமணல், ஒரு பங்கு மக்கிய தென்னைநார்க்கழிவு கலந்த பாத்தியில், துண்டுகளைப் படுக்கவைத்து, நேராக வெட்டிய முனை சற்று மேலே தூக்கி மண்மட்டத்தில் தெரியும்படி மூடுங்கள். இந்தக் கலவையில் உரம் வேண்டாம். வேர் இல்லாத துண்டால் உரத்தை எடுத்துக்கொள்ள முடியாது, அழுகல்தான் கூடும். மேலே 50 சதவீத நிழல்வலை. ஈரம் விட்டுப்போகக் கூடாது, சொதசொதவென்றும் இருக்கக் கூடாது: ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் தண்ணீர் கசியாமல், உருண்டை மட்டும் நிற்க வேண்டும்.

துளிர் மூன்று வாரத்தில் வரும் துண்டும் உண்டு, ஐந்து மாதம் படுத்திருக்கும் துண்டும் உண்டு. அவசரப்பட்டுத் தோண்டிப் பார்ப்பதுதான் இந்தக் கட்டத்தில் நடக்கும் பெரிய தவறு. துளிர் வந்துவிட்டது என்று உடனே பைக்கு மாற்றுவதும் அதே அளவு தவறு. துண்டில் இருந்த பழைய சத்தை வைத்தே முதல் இலைகள் வரும், புது வேர் அதற்குப் பிறகுதான் கிளம்பும். தளிர் 20 செ.மீ. உயர்ந்து, இலைகள் கரும்பச்சை ஆனபின் மாற்றுங்கள். இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மக்கிய தொழுவுரம் நிரப்பிய மூன்று லிட்டர் பை போதும். ஒரு துண்டில் இரண்டு மூன்று துளிர் வந்தால் வலுவானதை விட்டு மற்றதைக் கிள்ளுங்கள். பையில் ஆறு முதல் ஒன்பது மாதம் வளரட்டும். கடைசி ஒரு மாதம் நிழலைப் படிப்படியாகக் குறைத்துப் பழக்க வேண்டும்.

தாய்மரத்தை இன்னும் குறைவாகக் காயப்படுத்தும் வழியும் இருக்கிறது. மேலோடும் வேர் ஒன்றைத் திறந்து, பட்டையில் கத்தியால் சிறு காயம் செய்து, லேசாக மண் மூடி ஈரமாக வையுங்கள். அந்த இடத்தில் துளிர் வரும். இரண்டடி உயர்ந்தபின், தூர்ப்பக்க வேரை முதலில் வெட்டுங்கள். சில வாரம் விட்டு மறுபக்கத்தை வெட்டி, மண்ணோடு பெயர்த்துப் பையில் வையுங்கள். ஒரே நாளில் இரண்டு பக்கமும் வெட்டினால் கன்று வாடிப்போகும். ஏற்கெனவே மரத்தடியில் தானாக முளைத்து நிற்கும் பக்கக்கன்றுக்கும் இதே முறைதான்.

பதியம் போடுவதாக இருந்தால் மழைக்காலத் தொடக்கத்தில், 2 முதல் 4 செ.மீ. கனக் கிளையில் 4 செ.மீ. அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, அடியில் உள்ள வழுவழுப்பைக் கத்தி முதுகால் சுரண்டி, வேர்த்தூண்டித் தூள் தடவி, ஈரத் தென்னைநார்க்கழிவு வைத்துப் பாலித்தீன் தாளால் இறுக்கிக் கட்டுங்கள். வழுவழுப்பை விட்டுவிட்டால் பட்டை மறுபடி கூடிவிடும், வேர் வராது. இரண்டு முதல் நான்கு மாதத்தில் தாள் வழியே வேர் தெரியும். வெட்டி இறக்கியபின் இலைகளில் பாதியைக் கத்தரித்துவிடுங்கள். புது வேரால் அத்தனை பெரிய இலைகளுக்குத் தண்ணீர் கொடுக்க இயலாது.

நடவு

இடத்தை முதலில் யோசியுங்கள். இந்த மரம் 12 மீட்டருக்குமேல் உயரும், படரும். வீட்டுச் சுவர், கிணறு, கழிவுநீர்த் தொட்டி ஆகியவற்றிலிருந்து குறைந்தது ஏழு மீட்டர் தள்ளி நடுங்கள். மரத்துக்கு மரம் 10 மீட்டர். வண்டி நிறுத்தும் இடத்துக்கு மேலே கிளை வராமல் இருக்கட்டும், ஒரு காய் ஒன்றிரண்டு கிலோ இருக்கும்.

குழி முக்கால் மீட்டர் நீளம், அகலம், ஆழம். மேல்மண்ணோடு 10 கிலோ மக்கிய தொழுவுரம், ஒரு கிலோ வேப்பம்பிண்ணாக்கு கலந்து நிரப்பி, இரண்டு வாரம் மண் அமர விடுங்கள். புது எரு போட்டால் அதன் சூட்டில் வேர் கருகும், கறையானும் வரும். தென்மேற்கு மழை பெறும் ஊரில் ஆனி மாதம் நடலாம். வடகிழக்கு மழையை நம்பும் ஊரில் பெருமழை ஓய்ந்தபின் கார்த்திகைக் கடைசியில் நடுவது பாதுகாப்பு. பையைக் கிழிக்கும்போது மண்கட்டி உடையக் கூடாது. உடைந்தால் அந்தக் கன்று பிழைப்பதே பெரிய காரியம். வேர்த்துண்டுக் கன்றின் வேர் ஒரே பக்கம்தான் இருக்கும், மண்ணைப் பிடித்துக்கொள்ளும் வலு அதற்கு இல்லை. பையில் இருந்த மட்டத்திலேயே நடுங்கள், ஆழப் புதைக்காதீர்கள். ஒரு கம்பு நட்டு, துணியால் தளர்வாகக் கட்டுங்கள்.

முதல் இரண்டு ஆண்டு பாதி நிழல் வேண்டும். தெற்கிலும் மேற்கிலும் ஒன்றரை மீட்டர் தள்ளி இரண்டு வாழை வைத்தால் நிழலும் கிடைக்கும், காற்றும் தணியும். மூன்றாம் ஆண்டில் வாழையை எடுத்துவிடுங்கள். காய்ப்புக்கு முழு வெயில் வேண்டும், நிழலில் நின்ற மரம் உயரமாகப் போகுமே ஒழிய காய்க்காது. தூரைச் சுற்றி ஒரு மீட்டர் வட்டத்துக்கு நாலு விரல் கனம் தென்னை மட்டை, சருகு மூடாக்குப் போடுங்கள். தண்டை ஒட்டிக் குவிக்காமல் ஒரு சாண் இடைவெளி விடுங்கள்.

முதல் கோடையில்தான் பெரும்பாலான கன்றுகள் சாகின்றன. இரண்டு நாளுக்கு ஒருமுறை 10 லிட்டர் தண்ணீர், மண் மணலாக இருந்தால் தினமும் 5 லிட்டர். கன்றின் இலை தொங்கினால் உடனே தண்ணீரைக் கூட்டாதீர்கள். மூடாக்கை விலக்கி மண்ணைத் தொட்டுப் பாருங்கள். மண் காய்ந்து இலை தொங்கினால் தண்ணீர்க் குறைவு. மண் ஈரமாக இருந்தும் இலை மஞ்சளாகித் தொங்கினால் வேர் அழுகத் தொடங்கிவிட்டது, அப்போது தண்ணீர் விடுவது கொல்வதற்குச் சமம். பக்கத்தில் வடிகால் வெட்டி, ஒரு வாரம் நிறுத்துங்கள்.

உரம் பெரிய கணக்கில்லை. முதல் ஆண்டு 17:17:17 கலப்புரம் 100 கிராம் வீதம் இரண்டு தடவை, மழை தொடங்கும்போதும் முடியும்போதும். ஆண்டுக்கு ஆண்டு தடவைக்கு 150 கிராம் கூட்டி ஒரு கிலோவில் நிறுத்துங்கள். கூடவே ஆண்டுக்கு 10 முதல் 25 கிலோ தொழுவுரம். இயற்கை முறையில் செய்பவர்கள் தொழுவுரத்தை இரட்டிப்பாக்கி, காய்க்கும் மரத்துக்குச் சாம்பலும் சேர்க்கலாம். வட்டப்பாத்தியில் கொத்தும்போது கவனம்: மேல்வேரில் மண்வெட்டி பட்ட இடமெல்லாம் பக்கக்கன்று கிளம்பும், அவை தாய்மரத்தின் சத்தை இழுக்கும்.

முதல் பூ, முதல் உதிர்வு

வேர்த்துண்டுக் கன்று மூன்றிலிருந்து ஆறு ஆண்டுக்குள் பூக்கும். முதலில் வருவது விரல்போல நீண்ட, மஞ்சள் நிற ஆண்பூத்தண்டு. சில நாளில் பழுப்பாகித் தானே விழும். காய் உதிர்கிறது என்று பயந்து மருந்தடிப்பவர்கள் உண்டு. அது காயே இல்லை. அதைத் தொடர்ந்து வரும் உருண்டைதான் பெண்பூ, காயாவது அதுதான்.

உருண்டைப் பிஞ்சும் உதிர்ந்தால் காரணத்தைத் தேடுங்கள். முதல் காய்ப்பில் கொஞ்சம் உதிர்வது மரம் தன் பலத்துக்கு ஏற்பக் கழித்துக்கொள்வது. இரண்டாம் ஆண்டும் கொட்டினால் முதல் சந்தேகம் தண்ணீர்: பூத்த நாளிலிருந்து இரண்டு மாதம் மண் ஒருமுறைகூட முழுக்கக் காயக் கூடாது. காம்பைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. அதைச் சுமந்து திரிவது எறும்பு, எனவே தூரில் எறும்பைத் தடுக்காமல் மருந்தடித்துப் பயனில்லை. பாதித்த கொத்தை வெட்டி எரித்துவிட்டு, வேப்பெண்ணெய் 20 மி.லி., காதி சோப்புக் கரைசல் 5 மி.லி. ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து மாலையில் தெளியுங்கள், பத்து நாள் விட்டு மறுபடி. மழைக்காலத்தில் காயில் பழுப்பு வட்டம் விழுந்து வெள்ளைப் பூசணம் படர்ந்தால் அது அழுகல் நோய். அடியில் விழுந்த காய்களைப் பொறுக்கிப் புதைப்பதே பாதி வைத்தியம். மழை தொடங்கும் முன் ஒரு சதவீத போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சண மருந்து) ஒரு தெளிப்பு மீதியைக் கவனிக்கும்.

பறித்தல்

பூத்து நாலு மாதம் ஆனதும் காயைக் கவனிக்கத் தொடங்குங்கள். பிஞ்சில் கட்டங்கள் நெருக்கமாக, கூராக, கிளிப்பச்சையாக இருக்கும். முற்ற முற்றக் கட்டங்கள் தட்டையாகி விரியும், இடைக்கோடுகள் பழுப்பேறும், பச்சை மங்கி மஞ்சள் ஓடும், தோலில் பால் சொட்டுச் சொட்டாகக் கசிந்து உறையும். பால் உறைந்த காய் கறிக்குச் சரியான பதம். இன்னும் விட்டால் கிளையிலேயே கனிந்து இனித்துக் குழையும், அதைக் கறி வைக்க முடியாது.

தொரட்டியால் இழுத்துத் தரையில் விழவிடாதீர்கள். அடிபட்ட காய் மறுநாளே குழையும். தொரட்டி முனையில் கம்பி வளையமும் வலைப்பையும் கட்டிக் காம்போடு இறக்குங்கள். இறக்கியதும் காம்பை ஒடித்து, ஒடித்த பக்கம் கீழே பார்க்க ஒரு மணி நேரம் கவிழ்த்து வைத்தால் பால் வடிந்து தோல் கறைபடாது. அறைச் சூட்டில் மூன்று நாள் தாங்கினால் அதிகம். முழுக்காயைத் தண்ணீரில் மூழ்க வைத்து, தினமும் தண்ணீர் மாற்றினால் இன்னும் சில நாள் கிடைக்கும். முழுதாகக் குளிர்பெட்டியில் வைத்தால் தோல் கறுக்கும். நறுக்கி, அரைவேக்காடு வேகவைத்து உறைபெட்டியில் வைப்பது மேல். நறுக்கும் முன் கத்தியிலும் கையிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். நாலாகப் பிளந்து நடுத்தண்டை எடுத்துவிட்டு, துண்டுகளை மஞ்சள் கலந்த தண்ணீரில் போட்டால் கறுக்காது.

கடைசிக் காய் இறங்கிய அடுத்த வாரம் கவாத்துக்கு உரிய நேரம். புதுத்தளிரின் நுனியில்தான் அடுத்த காய் வரும் என்பதால், ஏணிக்கு எட்டாத மேல்கிளைகளை வாளால் அறுத்து மரத்தை 5, 6 மீட்டரில் நிறுத்துங்கள். ஒரே தடவையில் தழையில் கால் பங்குக்குமேல் கழிக்க வேண்டாம். கிளையின் அடியில் முதலில் சிறு வெட்டு, பிறகு மேலிருந்து அறுப்பு. இல்லையென்றால் ஈரமரம் பட்டையோடு கிழிந்து தூர்வரை இறங்கும். வெட்டுவாயில் போர்டோ பசை பூசி, மரத்துக்கு அந்த ஆண்டின் தொழுவுரத்தை அப்போதே போட்டுவிடுங்கள். வேர்த்துண்டு எடுக்க வேண்டியிருந்தால், அதற்கும் இதே வாரம்தான்.